உப்புக் காற்று வீசும் வீட்டுக்கு: குசினிச் சாமான்களை வைத்துக் கறள், பூட்டு, கதவு, குழாய் பார்க்கும் முறை

திருகோணமலைக்குப் புதிதாகக் குடிவந்திருந்தால் முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கடலைப் பார்த்த பக்கத்து யன்னல் கண்ணாடியில் விரலை இழுத்து, நாக்கு நுனியில் வையுங்கள். கரிக்கும். உப்புவெளி, உவர்மலை என்று ஊர்ப்பெயரிலேயே உப்பும் உவரும் இருக்கிற இடம் இது. கண்டியிலோ வவுனியாவிலோ பத்து வருடம் பாவித்த குறடும் கத்தியும் இங்கே ஒரு மாரி முடிவதற்குள் சிவந்துபோவதற்குக் காரணம் அந்தக் கரிப்புத்தான்.

அது நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அதற்கு 33 வீதமே போதும். ஆகவே கதவுக் கொண்டியில் படிந்த கடலுப்பு மழையில்லாத நாளிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஈரப்படலமாக இரும்பின் மேல் ஒட்டியே இருக்கும். அதன்மேல் எண்ணெயைப் பூசினால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடியதாகிவிடும். புதிதாக வந்தவர்கள் அதிகம் விடும் பிழை இதுதான்: எண்ணெய் போட்டோமே, பிறகும் ஏன் கறள் பிடிக்கிறது என்று கேட்பார்கள்.

எதைச் செய்தாலும் வரிசை மாறக்கூடாது. முதலில் உப்பில்லாத தண்ணீரால் கழுவுதல், அடுத்தது முழுதாகக் காயவிடுதல், கடைசியில் எண்ணெய். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவர். அதில் கழுவினால் உப்பைத் திரும்பப் பூசியதாகத்தான் முடியும். குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ பாவியுங்கள்.

வீட்டில் சேர்த்து வைக்க வேண்டியவை அதிகமில்லை. வினாகிரி, அப்பச்சோடா, பழப்புளி, தேயிலைத் தூள், மெழுகுதிரி, ஒரு 2பி பென்சில், தையல் மெசின் எண்ணெய், பழைய சைக்கிள் டியூப், தங்கூசி (மீன்பிடிக்கும் நைலோன் இழை), விளக்குமாற்று ஈர்க்கில், மூடியோடு பால்மாப் பேணிகள். பழைய பல்லு பிரஷ் இரண்டையும் எறியாமல் வையுங்கள்.

கறள் எடுத்தல்

கடையில் விற்கும் வினாகிரியில் அசற்றிக்கமிலம் 4, 5 வீதம் இருக்கும். பிணைச்சல், திருகாணி, குறடு போன்ற சாதாரண இரும்புச் சாமான்களுக்கு அது போதும்.

1. முதலில் சவர்க்காரம் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுங்கள். பிசுக்கு இருந்தால் அமிலம் இரும்பைத் தொடாது. திட்டுத் திட்டாகத்தான் கறள் போகும்.

2. பிளாஸ்டிக் டப்பாவிலோ கண்ணாடிப் போத்தலிலோ சாமானைப் போட்டு, முழுதாக மூடும்வரை வினாகிரி ஊற்றுங்கள். தண்ணீர் கலக்க வேண்டாம். அலுமினியச் சட்டியில் செய்யக்கூடாது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், வினாகிரி மட்டம் முடியும் கோட்டில் இரும்பு ஆழமாக அரிபடும்.

3. மெல்லிய கறளுக்கு 6 மணித்தியாலம், தடித்ததுக்கு 12 முதல் 24 வரை. நடுவில் ஒருதரம் எடுத்துப் பிரஷால் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். 24 மணித்தியாலத்தைத் தாண்ட விடாதீர்கள். கறள் முடிந்ததும் அமிலம் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும்.

4. எடுத்துத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கறுப்பாகக் கையில் ஒட்டும் பொடி வரும். அது வரத்தான் செய்யும், துடைத்தால் போகும்.

5. 1 லீற்றர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, அதில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். மிஞ்சிய அமிலம் இதில் அடங்கும்.

6. உடனே சீலைத் துண்டால் துடைத்து, வெயிலில் சுட்டுக்கிடக்கும் சீமெந்துத் தரையில் வையுங்கள். மழை நாளென்றால் இளஞ்சூடான தாச்சியில் வைக்கலாம். சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூசுங்கள்.

அரை மணித்தியாலத்தில் தோடம்பழ நிறத்தில் ஒரு படை திரும்ப வந்தால், ஐந்தாம் படியையோ ஆறாம் படியையோ சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். வினாகிரியைக் குறை சொல்லாமல் 5, 6ஐத் திரும்பச் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் இதில் போட முடியாது. துத்தநாகம் பூசிய வாளி, கூரை ஆணி, முள்ளுக்கம்பி போன்றவற்றில் வினாகிரி பட்டதும் குமிழி பொங்கும். அப்போது போவது கறளல்ல, காவலுக்கு இருந்த துத்தநாகம். சுருள்வில், வாள் அலகு, துளைக்கும் பிட் போன்ற கடின உருக்குச் சாமான்களை இரவு முழுதும் ஊறப்போட்டால், அமிலத்தில் உண்டாகும் ஐதரசன் உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும், பாவிக்கும்போது படக்கென்று முறியும். இவற்றைச் சாம்பலும் தும்பும் கொண்டு கையால் தேய்ப்பதே நல்லது.

சைக்கிள் ஹாண்டில், குளியலறைக் குழாய் போன்ற குரோம் பூச்சுக்கு வேறு வழி இருக்கிறது. அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கித் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தால் கறள் புள்ளி கழன்று வரும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பி நாரை இங்கே எடுக்க வேண்டாம். அது கீறுவதோடு, உதிரும் துணுக்குகள் அடுத்த நாளே புதிய கறள் புள்ளிகளாக நிற்கும்.

பித்தளைக்குப் பழப்புளியும் ஒரு சிட்டிகை உப்பும். குத்துவிளக்கில் பூசி ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். மறந்துபோய் மணிக்கணக்கில் விட்டால் மஞ்சள் போய் இளஞ்சிவப்புத் திட்டு விழும். மேற்பரப்பிலிருந்த துத்தநாகம் கரைந்து செம்பு தெரிவதால் வரும் நிறம் அது. புளியில் உப்புச் சேர்த்திருப்பதால் இதைக் கழுவுவதில் இரட்டைக் கவனம் வேண்டும். விளக்கின் அடித்தட்டு மடிப்பைப் பிரஷ் விட்டு அலசுங்கள்.

கறள் எடுத்த இரும்புக்குத் தேயிலையால் ஒரு கறுப்புப் பூச்சுக் கொடுக்கலாம். அரை லீற்றர் தண்ணீரில் 4 மேசைக்கரண்டி தேயிலைத் தூள் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து வடித்து, ஆறியதும் 1 மேசைக்கரண்டி வினாகிரி சேருங்கள். சாமானை அதில் இரண்டு மூன்று மணித்தியாலம் மூழ்க விட்டால், தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து நீலக் கறுப்பாகப் படியும். எடுத்துக் காயவைத்து எண்ணெய் பூசுங்கள். உள்வீட்டுப் பிணைச்சல், கொக்கி, சிறு கருவிகளுக்கு இது அழகாகவும் இருக்கும், ஓரளவு காக்கவும் செய்யும். கடலைப் பார்த்த வாசல் கேற்றுக்கு இதை நம்ப வேண்டாம், அங்கே பெயின்ற்தான்.

கருவிகளை வைக்கும் முறை

மண்வெட்டி, கத்தி, அலவாங்கு, சாந்தகப்பை போன்றவற்றுக்கு எண்ணெய் மணல் வாளி ஒன்று செய்து கராச் மூலையில் வையுங்கள். 10 லீற்றர் வாளியில் மூன்றில் இரண்டு பங்கு காய்ந்த ஆற்றுமணல், அதற்கு 300 மில்லிலீற்றர் புதிய எஞ்சின் எண்ணெய். கையால் பிசைந்தால் ஈரமணல் போலப் பிடிபட வேண்டும், வாளி அடியில் எண்ணெய் தேங்கக்கூடாது. தேங்கினால் இன்னும் இரண்டு சிரட்டை மணல் போடுங்கள். கழுவித் துடைத்த கருவியை நாலைந்து தரம் குத்தி எடுத்தால் மணல் மண்ணைச் சுரண்டும், எண்ணெய் தானாகப் பூசப்படும்.

வீட்டுக்கு முன்னால் கடற்கரை இருக்கிறதே என்று அந்த மணலை அள்ளி வந்து செய்யாதீர்கள். அது முழுக்க உப்பு. கருவிகளை ஊறுகாய் போட்ட மாதிரி ஆகிவிடும். வாகனத்திலிருந்து வடித்த பழைய கறுப்பு எண்ணெயும் வேண்டாம்: எரிந்த எஞ்சின் எண்ணெயில் அமிலமும் தோலுக்குக் கேடான பொருட்களும் சேர்ந்திருக்கும், தோட்டத்து மண்ணுக்கும் அது ஆகாது.

தேங்காய் திருவலையும் அரிவாளும் சாப்பாட்டைத் தொடுபவை. அவற்றுக்கு எஞ்சின் எண்ணெய் கூடாது, தேங்காய் எண்ணெய் மூன்று சொட்டுப் போதும். திருவலையின் பற்களுக்கிடையே பிடித்திருக்கும் தேங்காய்ப் பூவைப் பிரஷால் எடுத்துவிட்டுப் பூசுங்கள். பூ இருந்தால் அதன் ஈரமே பல்லை அரிக்கும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் கெட்டு மணக்கும்; அடிக்கடி கழுவிப் பாவிக்கும் சாமானுக்குச் சரி, பல மாதம் சும்மா கிடக்கும் கருவிக்குச் சரியில்லை.

ஆணி, திருகாணி, பிட் எல்லாம் பால்மாப் பேணிக்குள். தையல் மெசின் எண்ணெய் ஐந்தாறு சொட்டு விட்ட சீலைத் துண்டு ஒன்றை உள்ளே போட்டு மூடிவிடுங்கள். சிரட்டைக் கரித்துண்டு போட்டால் ஈரத்தை இழுக்கும் என்று பலரும் சொல்வார்கள். கரி மணத்தை நன்றாக இழுக்கும், ஈரத்தை அவ்வளவு இழுக்காது. புதிய சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் போடுவது பலன் தரும்.

பூட்டுகள்

திறப்புப் போய்ச் சிக்கினால் உடனே தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தூக்குவோம். ஒரு கிழமை நன்றாக ஓடும். பிறகு கச்சான் காற்று (வறண்ட தென்மேல் காற்று) கொண்டுவரும் புழுதி அந்த எண்ணெயில் ஒட்டிப் பசைபோலாகி, உள்ளே இருக்கும் சிறு ஊசிகள் மேலும் கீழும் போகாமல் நின்றுவிடும்.

பித்தளை உருளை உள்ள உள்கதவுப் பூட்டுக்கு எண்ணெயில்லாத வழி நல்லது. 2பி பென்சிலால் திறப்பின் இரண்டு பக்கமும் வெட்டுகளிலும் தடிப்பாகத் தேய்த்து, உள்ளே விட்டுப் பத்துத் தரம் திருப்புங்கள். எடுத்துத் துடைத்துத் திரும்பவும் தேயுங்கள். மூன்று சுற்றில் இளகும். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் இதைச் செய்யாதீர்கள், பென்சில் கரியும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகும்.

வெளிக் கேற்றில் தொங்கும் ஆமைப்பூட்டு வேறு கதை. அங்கே உப்பு ஈரம் எப்போதும் இருப்பதால் பென்சில் கரி இரும்பையும் அலுமினியத்தையும் இன்னும் வேகமாக அரிக்க வைக்கும். பூட்டைக் கழற்றி, திறப்புத் துவாரம் கீழே பார்க்கப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் அலசி, ஒரு பகல் வெயிலில் காயவைத்து, தையல் மெசின் எண்ணெய் மூன்று சொட்டு விடுங்கள். மாரியில் மாதம் ஒருதரம். பிறகு சைக்கிள் டியூபில் பூட்டைவிட மூன்று விரல் நீளமான துண்டு ஒன்றை வெட்டி, மேற்பக்கத்தில் வளையத்துக்கு இரண்டு துளை போட்டுப் பாவாடை போலத் தொங்கவிடுங்கள். மழையும் நேரடிக் கடற்காற்றும் படாது. அடியைக் கட்டி மூடக்கூடாது, ஈரம் வெளியேற வழி வேண்டும்.

கதவும் லாச்சியும்

வாடைக் காற்றோடு மாரி தொடங்கினால் கதவுகள் இறுகும். அப்போது தச்சரைக் கூப்பிட்டுச் சீவ வேண்டாம். மரம் ஈரத்தை இழுத்து அகலப் பக்கமாகப் பருத்திருக்கிறது. கச்சான் காலத்தில் திரும்பச் சுருங்கும். கார்த்திகையில் சீவிய கதவு ஆடியில் விரல் நுழையும் இடைவெளியோடு நிற்கும். எங்கே உரசுகிறது என்று பென்சிலால் குறித்து, அந்த இடத்தில் மெழுகுதிரியை அழுத்தித் தேய்த்து மாரியை ஓட்டுங்கள். கச்சானிலும் உரசினால் மட்டும், குறித்த இடத்தைச் சீவலாம். சீவிய விளிம்புக்கு வார்னிஷோ பெயின்றோ உடனே பூசுங்கள். கதவின் மேல், கீழ் விளிம்புகளைப் பெயின்ற்காரர் விட்டுவிட்டுப் போவது வழமை. அதிகம் ஈரம் புகும் வாய் அதுதான். ஒரு சிறு கண்ணாடியைக் கதவுக்குக் கீழே பிடித்துப் பார்த்தால் தெரியும்.

லாச்சிக்கும் மெழுகுதிரிதான். சவர்க்காரம் தேய்ப்பவர்கள் உண்டு. அது ஈரத்தை இழுத்து ஊறிப் பிசுபிசுக்கும். திருகாணியின் புரியில் தடவவும் அதே காரணத்தால் மெழுகே நல்லது. முதிரை, பாலை போன்ற வைரமான மரத்தில் மெழுகு மட்டும் போதாது, 8ஆம் நம்பர் திருகாணிக்கு 3 மில்லிமீற்றர் துளை போட்ட பிறகே முடுக்குங்கள். இல்லாவிட்டால் தலை முறிந்து உடல் உள்ளே தங்கும்.

பிணைச்சலின் திருகாணி சுற்றிக்கொண்டே இருந்தால், துளைக்குள் மரநார் போய்விட்டது. கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், உள்ளே ஊதிச் சுற்றியுள்ள மரத்தை நசுக்கியிருக்கும். கறுப்பாகப் பொடிந்த பகுதியைக் கத்தி நுனியால் சுரண்டி எடுங்கள். ஈர்க்கிலின் தடித்த அடிப்பக்கத்தைத் துளையின் ஆழத்துக்கு நறுக்கி, தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையில் தோய்த்து, இனிப் போகாது என்னும்வரை நெருக்கி அடியுங்கள். வெளியே நீட்டியதை மட்டமாக வெட்டி 24 மணித்தியாலம் விடுங்கள். அவசரப்பட்டு அன்றே முடுக்கினால் ஈர்க்கில் எல்லாம் பசையோடு வழுக்கி வெளியே வரும். நெருப்புக் குச்சியாலும் செய்யலாம், ஆனால் அதன் மரம் மென்மை. பாரமான கதவுக்கு ஈர்க்கில் நின்று பிடிக்கும். பழைய திருகாணியைத் திரும்பப் போடாமல் பித்தளையிலோ துருப்பிடிக்காத உருக்கிலோ போடுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கடைக்குக் கொண்டுபோங்கள். பலமாக ஒட்டினால் அது அநேகமாக மேற்பூச்சுப் போட்ட சாதாரண இரும்பு.

தண்ணீர் வழி

ஷவர் தலையில் வெள்ளையாகப் படிந்திருப்பது உப்பா சுண்ணாம்பா என்று முதலில் பாருங்கள். வெந்நீரில் கரைந்து போனால் உப்பு, அதற்கு வேறொன்றும் வேண்டாம். போகாமல் நின்று, ஒரு சொட்டு வினாகிரிக்கு நுரைத்தால் கல்சியம் காபனேற்று. பொலித்தீன் பைக்குள் வினாகிரி ஊற்றி, ஷவர் தலை மூழ்கும்படி மாட்டி, சைக்கிள் டியூபில் வெட்டிய வளையத்தால் கட்டி இரண்டு மணித்தியாலம் விடுங்கள். துளைகளைத் தங்கூசித் துண்டால் குத்திவிடுங்கள். ஊசி விட்டால் துளை பெரிதாகும். சீமெந்துத் தரை, டெராசோ, மாபிள் மேல் வினாகிரி சிந்தினால் அவையும் இதேபோல நுரைத்துக் கரையும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

வினாகிரியை எக்காரணம் கொண்டும் பிளீச்சிங் பவுடரோடோ குளோரின் திரவத்தோடோ சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கு ஆபத்து. அப்பச்சோடாவோடு வினாகிரியைக் கலந்து அடைப்பில் ஊற்றுவதும் பரவலான பழக்கம். ஆபத்தில்லை, ஆனால் ஒன்றையொன்று அடக்கிக்கொள்வதால் நுரையைத் தவிர பலனும் இல்லை.

குசினித் தொட்டி அடைபடுவது பெரும்பாலும் தேங்காய்ப் பூவும் எண்ணெயும் சேர்ந்துதான். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும், மார்கழி மழை இரவுகளில் அது நடக்கும். கை சுடும் அளவு வெந்நீரில் பாத்திரச் சவர்க்காரம் கரைத்து இரண்டு லீற்றர் ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம். பீவீசீ 80 பாகை அளவில் இளகி வளையும், பொருத்துகள் ஒழுகத் தொடங்கும். அப்படியும் போகாவிட்டால் வாளியைக் கீழே வைத்து, வளைந்த குழாயைக் கையால் கழற்றிக் கழுவுவது பத்து நிமிட வேலை.

தாங்கியிலிருந்து வரும் குழாய் வெடித்தால், குழாய்க்காரர் வரும்வரை சைக்கிள் டியூப் காப்பாற்றும். வால்வை மூடி, குழாயைத் துடைத்துக் காயவைத்து, 2.5 சென்ரிமீற்றர் அகலமான நீண்ட பட்டியை வெட்டுங்கள். வெடிப்புக்கு ஐந்து சென்ரிமீற்றர் முன்னால் தொடங்கி, பட்டியை இருமடங்கு நீளும்வரை இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடும்படி சுற்றி, ஐந்து சென்ரிமீற்றர் தாண்டித் திரும்பி வாருங்கள். நுனியைக் கடைசிச் சுற்றுக்குள் செருகித் தங்கூசியால் கட்டுங்கள். ஒழுக்கை நிறுத்துவது றப்பரின் இழுவை அழுத்தம். இழுக்காமல் சுற்றினால் எத்தனை சுற்றுப் போட்டாலும் கசியும். 5 மீற்றர் உயரத் தாங்கியின் அழுத்தம் அரை பார் அளவுதான் என்பதால் இது தாங்கும். மோட்டர் நேரடியாகத் தள்ளும் குழாயில் தாங்காது.

தங்கூசியில் முடிச்சுப் போடும்போது ஐந்து சுற்றுச் சுற்றி, இறுக்குவதற்கு முன் நனையுங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உரசல் சூட்டில் முடிச்சு இருக்கும் இடமே பலமிழக்கும். மீனவர்கள் வாயில் வைத்து நனைத்து இறுக்குவது இதற்காகத்தான்.

எறும்புக் கிண்ணம்

சாப்பாட்டு அலுமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது எல்லோரும் அறிந்த வழி. ஆனால் இந்த மாவட்டத்தில் டெங்கு சாதாரண விசயமல்ல. 2017இன் தொடக்கத்தில் இந்த மாவட்டத்துக் கிண்ணியா ஊர் டெங்கால் பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். நுளம்பு முட்டை தண்ணீரில் பொரித்துப் பறக்க ஏறக்குறைய ஒரு கிழமை போதும். ஆகவே கிண்ணத்தில் வெறும் தண்ணீர் நிற்கக்கூடாது. ஒரு கிண்ணத்துக்கு அரைத் தேக்கரண்டி பாத்திரச் சவர்க்காரம் கலவுங்கள். எறும்பு மிதந்து கடக்க முடியாது, நுளம்புக் குடம்பியும் மேற்பரப்பில் தொங்கி மூச்சுவிட முடியாது. வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, கிழமைக்கு ஒருதரம் கிண்ணத்தைக் கவிழ்த்து, உட்சுவரைத் தும்பால் உரஞ்சிக் கழுவுங்கள். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது, சுவரில் ஒட்டிய முட்டைகள் தண்ணீரில்லாமல் பல மாதம் உயிரோடு கிடந்து, அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் தள்ளி வைத்தால் எறும்புக்குச் சுவர்ப் பாலமும் இராது, மாரியில் பின்பலகையில் பூஞ்சணமும் பிடிக்காது.